ஆறு லயத்து ரேடியோ

எங்கள் ரேடியோ நிலையம் முழுவதும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடங்கிவிடும். கார்களில் சிகரெட் பற்றவைக்கிற துளையில் செருகி, போனில் இருக்கிற பாட்டைக் கார் ரேடியோவில் கேட்பதற்கு ஒரு குட்டிச் சாமான் விற்கிறார்களே, அதுதான் அதற்கு உயிர். நான் பதுளை பஸாரில் ஒரு போன் கடையில் திருத்த வேலை செய்கிறேன். சரியாக வேலை செய்யவில்லை என்று ஒருவர் அந்தச் சாமானை எங்கள் மேசையில் போட்டுவிட்டுப் போனார், திரும்ப வரவேயில்லை. மூன்று மாதம் லாச்சிக்குள் கிடந்ததை ஒரு மழை நாளில் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஒரு பாகத்தின் கால் ஒட்டு விட்டுப்போயிருந்தது. அதை ஒட்டிவிட்டு, கையோடு கையாக ஏரியல் இருக்கிற இடத்தில் ஒரு நீளச் செம்புக் கம்பியையும் ஈயம் வைத்து ஒட்டினேன். கடையின் பின்கதவு வரை கேட்டுக்கொண்டிருந்த பாட்டு, தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கத்துப் புடவைக் கடையில் கேட்டது.

முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "என்னாம்மா, ஜனாதிபதி கூடப் பேசப்போறியா?"

"எங்க தோட்டத்து ஆளுங்க கூடப் பேசப்போறேங்க."

"ரொம்ப தூரம் விட்டுறாத. அனுமதி எங்கன்னு கேட்டு யாராச்சும் வந்தா, இந்தப் புள்ளைய எனக்குத் தெரியாதுன்னு சொல்லிருவேன்."

அவர் பயப்பட்டிருக்க வேண்டாம். அது ஹாலிஎலவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் டிவிஷனின் ஆறு லயங்களை, அந்த ஆறு வரிசை வீடுகளைத் தாண்டியதில்லை. கீழே ஓடை வந்ததும் கரகரத்து நின்றுவிடும். மேலே தேயிலைக்குள் ஏழாம் நம்பர் மலையின் பாதி வரை போகும். அதற்கு மேல் கொழுந்து எடுக்கிறவர்கள் போனில் இயர்போனை மாட்டிக்கொண்டு மேற்குப் பக்கமாகத் திரும்பி நின்றால் கேட்கும் என்று சொல்வார்கள். அப்படித் திரும்பி நின்று கொழுந்து எடுக்க முடியாது என்பது வேறு விஷயம்.

எனக்கு ரேடியோ நடத்தும் ஆசை கோபத்தில் வந்தது. கொழும்பு ரேடியோவில் எங்கள் ஊர்ப் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை வர வேண்டுமென்றால் ஒன்று மண் சரிய வேண்டும், இல்லை தேர்தல் வர வேண்டும். சம்பளப் பேச்சு வந்தால் எங்களுக்குப் பதிலாக வேறு யாராவது பேசுவார்கள். ஒரு தடவை கிளினிக்குக்கு டாக்டர் வரமாட்டார் என்று முதல் நாளே தெரிந்தும் யாரும் சொல்லவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார் இறங்கிப் போய், மூடிய கதவைப் பார்த்துவிட்டு மறுபடி ஏறி வந்தார்கள். அவர்களில் நானும் ஒருத்தி. ஏறி வருகிற வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். திட்டி முடிக்கும்போது வீடு வந்துவிட்டது, லாச்சிக்குள் கிடந்த சாமானும் ஞாபகத்துக்கு வந்தது.

காலை ஐந்தரைக்கு ஆரம்பிப்பேன். லயத்தில் எங்கள் குடும்பத்துக்கான காம்பராவின் பின்பக்கம், அடுப்படிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பலகை. அதன்மேல் டின், பேசவும் பாட்டுப் போடவும் ஒரு பழைய போன், என் வீட்டுக்காரர் ஓட்டுகிற த்ரீவீலிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பேட்டரி. கூரைக்கு மேலே மூங்கில் கம்பில் கட்டிய கம்பி. "எந்திரிச்சிட்டீங்களா?" என்று கேட்டுத்தான் தொடங்குவேன். லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர் என்பதால் பக்கத்து வீட்டிலிருந்து "ம்ம்" என்று பதில் வரும். இன்றைக்கு எந்த மலையில் கொழுந்து, எல்லோரும் தண்ணீர் பிடிக்கிற பீலியில் எத்தனை மணி வரை தண்ணீர், யாருடைய ஆடு யாருடைய மரக்கறியைத் தின்றது, பதுளை பஸ் ஓடுகிறதா, இதெல்லாம்தான் செய்தி. நான் "அஞ்சாம் நம்பர் மலை" என்று சொன்னால், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "அஞ்சில்ல, ஏழு" என்று சத்தம் வரும். அதுவும் சேர்ந்து ஒலிபரப்பாகும். திருத்தம் வெளியிடுகிற வேலை எனக்கு மிச்சம்.

பிறகு இடி விழுந்து கோயில் ஒலிபெருக்கி கருகிப்போனது. பூசாரி வந்து தயங்கி நின்றார்.

"காலையில சாமி பாட்டையும் நீயே போட்டுரும்மா. ஸ்பீக்கர் வாங்குற வரைக்கும்."

ஸ்பீக்கர் இன்னும் வாங்கவில்லை. செய்தி முடிந்ததும் ஆறு மணியிலிருந்து, வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக்குப் பெயர் கொடுக்கப் போகும் நேரம் வரை சாமி பாட்டு என்று ஆகிவிட்டது. எல்லோரும் ரேடியோவை வாசற்படியில் வைத்துவிடுவார்கள். ஆறு லயத்து வாசலிலும் ஒரே பாட்டு.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் தோட்டத்தில் சாவு விழுந்தால் கோயிலைச் சாத்திவிடுவார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அதே இடத்தில் நிறுத்திவிடுவார்கள். முடியட்டும் என்று ஒரு வரிகூடக் காத்திருப்பதில்லை. அதனால் பாட்டு பாதியில் அறுந்தால் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. தொட்டிலில் கிடக்கும்போதே காதில் ஏறிவிடும். என் வீட்டுக்காரருக்கு மட்டும் ஏறவில்லை, ஏனென்றால் அவர் பதுளை டவுனில் ஒரு கடை வீட்டில் பிறந்து வளர்ந்தவர். அவருக்குப் பாட்டு நின்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம்.

இனி அத்தையைப் பற்றி. சொந்த அத்தை இல்லை, எதிர் லயத்து அத்தை. தோட்டமே அப்படித்தான் கூப்பிடும். ஐம்பத்தெட்டு வயது. அவர் வாயில் விழாமல் யாரும் அந்த லயத்தைக் கடந்துபோக முடியாது. ஐந்து மாதத்துக்கு முன்னால் மலையில் தண்ணீர் இறங்குகிற கானில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு போனது. பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்து, பிறகு கட்டிலோடு கட்டிலாகிவிட்டார். புருஷன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறான். நாங்கள் நாலு வீட்டார் முறை வைத்துச் சோறு கொடுத்தோம், துணி மாற்றினோம்.

மகன் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. தீபாவளிக்கு வருகிறேன் என்பான், பொங்கலுக்கு என்பான், கடையில் லீவு இல்லை என்பான். ஞாயிற்றுக்கிழமை அவன் போன் பண்ணினால் அத்தை, "நல்லாயிருக்கேன்டா, வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். விழுந்ததையே அவனிடம் சொல்லவில்லை. எங்களிடமும் கோயில் பக்கம் கையைக் காட்டிச் சத்தியம் வாங்கிவிட்டார். ஆனால் தினமும் காலையில் என் ரேடியோவில் ஒரு செய்தி மட்டும் வந்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்.

"கொழும்புல இருக்குற என் மகனுக்குன்னு சொல்லு. அம்மா விழுந்து படுத்திருக்கேன். ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போ. அவ்வளவுதான்."

"அத்த, இது ஓடையே தாண்டாது."

"தெரியும். நீ சொல்லு."

"போன்லயே சொல்லிரலாமே?"

"போன்ல சொன்னா அவனுக்கு மனசு கெட்டுப்போகும். கடைக்காரன் கிட்ட மல்லுக்கு நிப்பான். வேலை போயிரும். ரேடியோவுல சொன்னா யாருக்கும் நட்டமில்ல."

எனக்குக் கோபம்தான் வந்தது. பொய்யைப் போனுக்கும் உண்மையை ஓடை வரைக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிற ஒரு மனுஷியை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. ஆனாலும் சொன்னேன். தினமும் கொழுந்து மலைக்கும் பீலித் தண்ணீருக்கும் நடுவில், கொழும்பில் இருக்கிற மகனுக்கு என்று சொன்னேன். எதிர் லயத்தில் அத்தை தலையணைக்குப் பக்கத்தில் ரேடியோவை வைத்துக்கொண்டு கேட்பார். நான் ஒரு வார்த்தை விட்டுவிட்டால் ராத்திரிச் சோறு கொண்டுபோகும்போது திட்டு விழும்.

அன்றைக்கு ஒரு வியாழக்கிழமை. செய்தி முடித்து, பாட்டைப் போட்டுவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு பீலிக்கு இறங்கினேன். பாட்டு தானாக ஓடும், நான் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. பீலியில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தோம். மேலேயிருந்து எல்லா வாசலின் பாட்டும் சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றது.

வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒருத்தி வாயில் பற்பொடியோடு அப்படியே நின்றாள். யாரோ போய்விட்டார்கள் என்றுதான் எனக்கும் தோன்றியது. பாட்டைப் போடுகிறவளே நான்தான், நிறுத்துகிறதாக இருந்தாலும் நான்தான் நிறுத்த வேண்டும் என்பது எனக்கு உறைக்க நாலைந்து நொடி பிடித்தது. அதற்குள் பற்பொடிக்காரி துப்பிவிட்டு, "அத்தையாத்தான் இருக்கும்" என்றாள். எல்லோரும் வாளியைப் போட்டது போட்டபடி மேலே ஓடினார்கள்.

நான் வீட்டுக்கு ஓடினேன். பலகையில் டின் இருந்தது, போன் இருந்தது. போன் அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. பேட்டரியைக் காணவில்லை. என் மகள் பாதிப் பின்னலோடு வாசலில் நின்றாள்.

"அப்பாதான் எடுத்துட்டுப் போனாரு. வண்டி ஸ்டார்ட் ஆவல. ஸ்டேஷனுக்கு ஏத்திட்டுப் போற டீச்சருக்கு ரயிலு போயிருமாம்."

அரை மணி நேரத்தில் திருப்பிக் கொண்டுவந்து வைத்தால் எனக்குத் தெரியவே தெரியாது என்று நினைத்திருக்கிறார். அந்த மனுஷனைக் கூப்பிட்டுப் பேச நேரமில்லை. எதிர் லயத்துக்கு ஓடினேன்.

அதற்குள் வாசலில் பாதித் தோட்டம் நின்றது. இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனேன். அத்தை கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, ரேடியோவைக் காதோடு வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குரலை இறக்கிக் கேட்டார்.

"யாரு புள்ள போனது? பாட்டு நின்னுருச்சே."

வெளியே ஒப்பாரி ஏறிக்கொண்டு போனது. கை நிறையக் கொழுந்து எடுத்தவளே, கானில விழுந்து கிடந்தவளே என்று வந்ததும் அத்தை காதைக் கொடுத்துக் கேட்டார். முகம் மெல்ல மாறியது. பிறகு வாசலைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார்.

"அடியே, யாருக்கு அழுவுறோம்னு உள்ள வந்து பாத்துட்டு அழுவுங்கடி."

ஒப்பாரி நின்றது. ஒருத்தி எட்டிப் பார்த்து, நெஞ்சில் கை வைத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் சிரிப்பு தொடங்கியது. சிரித்துக்கொண்டே அழுதவர்களும் உண்டு. பெரட்டுக்கு ஆளே வராததால், எங்களை மேய்க்கிற கணக்குப்பிள்ளை தொப்பியோடு ஏறி வந்தார். யார் செத்தது என்று கேட்டார். யாரும் சாகவில்லை என்றார்கள். அப்படியென்றால் ஏன் வேலைக்கு வரவில்லை என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கணக்குப்பிள்ளையின் தொப்பியைப் பார்த்தேன்.

சிரிப்பு அடங்குகிற நேரத்தில் தோட்டத்துக் கடைக்காரர் வந்தார். அவருடைய கடையில்தான் எல்லோருடைய பிள்ளைகளின் நம்பரும் சுவரில் எழுதியிருக்கும். முகத்தில் ரத்தமே இல்லை.

"நான் இவங்க மகனுக்குப் போன் பண்ணிட்டேனே" என்றார். "பாட்டு நின்ன ஒடனே, அத்தைதான்னு நெனச்சுப் பண்ணிட்டேன். பய கதறிட்டான். இப்ப பஸ் ஏறிட்டேன்னு சொல்றான்."

கடைக்காரர் போனைத் தட்டிக்கொண்டே, "இரு, உயிரோட இருக்காங்கன்னு சொல்லிர்றேன்" என்றார்.

"அந்தப் போனைக் கீழ வைங்க" என்றார் அத்தை.

"என்னாங்க இது?"

"பஸ் ஏறினவன் ஏறினபடியே வரட்டும். சொன்னா எறங்கித் திரும்பிப் போயிருவான்."

எனக்குத் தாங்கவில்லை. "பாவம் அத்த. ஏழெட்டு மணி நேரம் அழுதுகிட்டே வருவான்."

"ரெண்டு வருசமா நான் அழுவலயா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப்பிள்ளைகூடத் தொப்பியைக் கழற்றிவிட்டார். பிறகு எங்கள் எல்லோரையும் ஒருதரம் பார்த்துவிட்டு, தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னார். நல்ல சேலையை எடுக்கச் சொன்னார். கருவாட்டுக் குழம்பு வைக்கச் சொன்னார்.

நான் வேலைக்குப் போனேன். பத்து மணிக்கு மேல் பொறுத்திருக்க முடியவில்லை. அத்தை என்ன சொன்னாலும் சரி என்று அவனுக்குப் போன் போட்டேன். அணைந்திருந்தது. மத்தியானமும் போட்டேன், அப்போதும் அணைந்திருந்தது. சார்ஜ் போய்விட்டதா, யாரிடமும் பேசப் பிடிக்காமல் அணைத்துவிட்டானா தெரியாது. என் பங்குக்கு முயற்சி செய்துவிட்டேன் என்று மனதைச் சமாதானம் செய்து பார்த்தேன். அது சமாதானம் ஆகவில்லை. முதலாளி ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

நாலு மணிக்கு என் வீட்டுக்காரரும் நானும் ஹாலிஎல சந்தியில் த்ரீவீலை நிறுத்திக் காத்திருந்தோம். கொழும்பு பஸ்ஸிலிருந்து அவன் இறங்கினான். மெலிந்திருந்தான். ஒரு கையில் வெள்ளைத் துணிப் பார்சல், இன்னொரு கையில் பிளாஸ்டிக் பையில் மாலை. என் வீட்டுக்காரர் இரண்டு நிமிஷம் வாயை மூடி நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அத்தையின் கட்டளை என்பதாலும், தப்பு தன்னுடையது என்பதாலும், ஒரு வார்த்தை பேசாமல் வண்டியை ஓட்டினார். அவன் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டான். தோட்டத்துப் பாதை திரும்பும் இடத்தில் என்னைக் கேட்டான்.

"அக்கா, கடைசியா எதாச்சும் சொன்னாங்களா?"

நான் பொய் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். உண்மையையும் சொல்ல முடியவில்லை.

"ஒனக்குக் கருவாட்டுக் குழம்பு வைக்கச் சொன்னாங்க" என்றேன்.

அவன் மாலைப் பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். என் வாழ்க்கையில் நான் இவ்வளவு கேவலமாக உணர்ந்ததில்லை. அவன் தோளைத் தொட்டு, "தம்பி, மெதுவாப் போ. பயப்படாத" என்று மட்டும் சொன்னேன். எதற்குப் பயப்படக் கூடாது என்று அவனுக்குப் புரியவில்லை.

வாசலில் கூட்டமில்லை, பந்தலில்லை. அவன் படியில் நின்று உள்ளே பார்த்தான். அத்தை இரண்டு தலையணையில் சாய்ந்து, தலை சீவி, நெற்றியில் திருநீற்றோடு உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிட்டியாடா?" என்றார்.

அவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். பார்சல் மடியில் இருந்தது. முதலில் சத்தமே வரவில்லை, பிறகு சின்னப் பிள்ளையைப் போல அழுதான். அழுது முடித்ததும் கோபம் வந்தது. என்னைப் பார்த்து, "இதெல்லாம் வெளயாட்டாக்கா?" என்றான். "விழுந்ததையே யாரும் சொல்லலயே" என்று எல்லோரையும் பார்த்தான். என் வீட்டுக்காரர் முன்னால் வந்து, பேட்டரியை எடுத்தது தான்தான் என்று சொன்னார். யாருக்கும் அது காதில் விழவில்லை. அவன் என்ன கேட்டாலும் கேட்கட்டும் என்று நான் நின்றேன். கேட்க வேண்டியதைத்தான் கேட்டான்.

அத்தை காத்திருந்தார். "அந்த மாலைய சாமி படத்துக்குப் போடு புள்ள. வாடிறப் போகுது" என்று என்னிடம் சொன்னார். நான் வாங்கிப் போட்டேன். பெரிய மாலை, சாமி படத்துக்கு மூன்று சுற்று வந்தது.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அப்போதுதான் அவனுக்கு வேறொரு விஷயம் உறைத்தது.

"மொதலாளி லீவே தர மாட்டாரும்மா. எழவுன்னு சொன்னதாலதான் விட்டாரு. நாலு நாளு. இப்பப் போய் என்னான்னு சொல்றது? நெசமாவே ஒன்னு ஆனா, அப்ப யாரு என்னைய விடுவா?"

ஒரே அம்மாவின் சாவுக்கு இரண்டு தடவை லீவு கேட்க முடியாது என்பது எல்லோருக்கும் விளங்கியது. அத்தை தன் சேலைத் தலைப்பை நீவிவிட்டுக்கொண்டார்.

"அப்ப நீ வர வேணாம்" என்றார். "அப்ப வந்து என்னாத்தப் பாக்கப் போற? நான் ஒங்கூடப் பேசவா போறேன்? இந்த நாலு நாளு இரு, போதும்."

அவன் மடியில் இருந்த பார்சலை ஓரமாக வைத்தான். பிறகு குனிந்து காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றினான்.